அரியலூர்ப் பாலமும் தலைமன்னார் இறங்குதுறையும்

1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி. பொழுது இன்னும் புலரவில்லை. சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்றுகொண்டிருந்த கடுகதிப் புகையிரதம் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையிலுள்ள மருதையாற்றுப் பாலத்தை வந்தடைந்தது. பல நாளாய்ப் பெய்த மழையினால் ஆறு கரைமீறி ஓடிற்று. பாலத்தைத் தாங்கிய மண்ணை வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. இயந்திரமும் அதனை அடுத்துவந்த பெட்டிகளும் ஒன்றன்மேலொன்றாய் ஆற்றினுட் சரிந்தன. மாண்டோர் 140க்கு மேற்பட்டோர். அவர்களுட் பெரும்பாலோர் உறக்கத்திலேயே ஆற்றுக்கு இரையாயினர்.

சில நாட்களில் இந்தியப் புகையிரத மந்திரி லால் பகதூர் சாஸ்திரி தம் பதவியைத் துறந்தார். இக்கதை நாமெல்லோரும் அறிந்ததே. ஆசிரியர்களாயுள்ள நம்மிற் பலர் நேர்மைக்கு உதாரணமாக இதனை வகுப்பிற் சொல்லியுமிருக்கிறோம். சொன்னதில் தவறில்லை. ஆனால் கதையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவது வரலாற்று மாணவருக்கு ஏற்ற செயலன்று. பதவி துறந்த அதே மனிதர் எட்டாண்டுகளின் பின் பிரதம மந்திரியாகி, எம் நாட்டு மலையகத்தில் வாழ்ந்த இலட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளரின் விதியைத் தீர்மானித்த ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டார். இவ்விரு செயல்களையும் ஒருசேர வைத்து நோக்கினாலன்றி, பாராளுமன்றத்தில் மந்திரி ஒருவர் யாருக்கு மறுமொழி கூறுகிறார், யாருக்குக் கூறாது விடுகிறார் என்ற கேள்விக்கு விடை காண இயலாது.

சாஸ்திரி 1904இல் மொகல்சராய் என்னும் ஊரிற் பிறந்தவர். அதுவும் ஒரு புகையிரத ஊரே. கைக்குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். காசி வித்தியா பீடத்திற் பெற்ற பட்டமே பின்னர் அவர் பெயராயிற்று. விடுதலைப் போராட்டத்தில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளைச் சிறையிற் கழித்தார். 1947இல் ஐக்கிய மாகாணத்தில் கோவிந்த வல்லப பந்தின் மந்திரிசபையிற் பொலிசுக்கும் போக்குவரத்துக்கும் பொறுப்பேற்றார். கூட்டங்களைக் கலைக்கத் தடியடிக்குப் பதிலாக நீரைப் பாய்ச்சும் முறையைப் புகுத்தியவர் என்று அவரைப் பற்றிய நூல்கள் போற்றுகின்றன. அதே 1948, 1949ஆம் ஆண்டுகளில் இந்தியாவெங்கும் கம்யூனிஸ்டுகள் விசாரணையின்றிச் சிறையிடப்பட்டனர் என்பதையும், ஐக்கிய மாகாணம் அதற்கு விலக்காக இருக்கவில்லை என்பதையும் அந்நூல்கள் அத்துணை விரிவாகக் கூறுவதில்லை. பாதுகாப்பு என்ற ஒரு சொல்லே அரசாங்கங்களின் வாயில் இருவகைப் பொருள் தருவதாகும். ஆற்றைக் கடக்கும் ஏழைப் பிரயாணியின் உயிர் ஒருவகை. ஆட்சியின் உறுதி மற்றொருவகை. சாஸ்திரியின் பொதுவாழ்வில் இவ்விரண்டும் இறுதிவரை அருகருகே நடந்தன.

1952ஆம் ஆண்டு மே மாதத்தில், இராஜ்ய சபை அங்கத்தவராக, அவர் நேருவின் மந்திரிசபையிற் புகையிரதப் பொறுப்பை ஏற்றார். அவர் கைக்கு வந்தது தளர்ந்துபோன ஓர் இலாகா. இரண்டாம் உலக யுத்தத்தில் இயந்திரங்களும் தண்டவாளங்களும் போர்முனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தன. எஞ்சியவை ஓய்வின்றி ஓடித் தேய்ந்திருந்தன. நாடு பிரிவினையுற்றபோது பாதைகளும் பெட்டிகளும் பங்கிடப்பட்டன. ஐந்தாண்டுத் திட்டத்தின் உருக்காலைகளுக்கு நிலக்கரியும் இரும்புக்கல்லும் சுமந்தாக வேண்டிய அதே பாதையிற்றான் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளும் நெரிசலிற் பயணம் செய்தனர். அந்த மூன்றாம் வகுப்பின் நிலையைச் சீர்செய்வதிற் சாஸ்திரி காட்டிய அக்கறை உண்மையானது. அவரும் அவ்வகுப்பிற் சென்று பழகியவர்.

புகையிரதப் பாதுகாப்பென்பது பெரிதும் சிறிய காரியங்களால் ஆகிய ஒன்றாகும். மழைக்காலத்திற் பாலத்தின் தூணில் வரையப்பட்ட அபாயக் கோட்டை வெள்ளம் தொட்டதா என்று பார்க்க ஒருவர் வேண்டும். இரவில் விளக்கும் வெடிச் சைகையுமாய்ப் பாதையோரம் நடந்து செல்லும் காவலாளர் வேண்டும். மேலேயுள்ள ஏரி உடைந்தால் எவ்வளவு நீர் வரும், அதனை விடப் பாலத்தின் கண்கள் போதுமானவையோ என்று கணிக்கும் பொறியியலாளர் வேண்டும். இவர்கள் சொல்வதைக் கேட்டு வண்டியை நிறுத்தும் அதிகாரம் அடுத்த நிலையத்தில் இருப்பவருக்கு வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். பணத்தைப் பாராளுமன்றமே ஒதுக்குகின்றது. எனவே விபத்தொன்று நேரும்போது காவலாளரின் விளக்கிலிருந்து மந்திரியின் மேசைவரை ஒரு சங்கிலி நீள்கின்றது. வழமையாக அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியே முதலில் அகப்படும். சாரதியோ, கைகாட்டிக்காரரோ, பாதை காவலாளரோ தவறிழைத்தார் என்று விசாரணை முடியும். அவர் உயிரோடிருந்தால் வேலையை இழப்பார், இறந்திருந்தாற் குற்றத்தைச் சுமப்பார்.

1956 கொடிய ஆண்டு. அரியலூருக்குச் சில வாரங்களின் முன்பே, அன்றைய ஹைதராபாத் இராச்சியத்தில் மகபூப்நகருக்கு அருகில் மற்றொரு பாலம் உடைந்து நூறு பேருக்கு மேல் இறந்தனர். அப்பொழுதே சாஸ்திரி இராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நேரு அதனை ஏற்க மறுத்தார். அரியலூரின் பின் சாஸ்திரி மீண்டும் எழுதினார். இம்முறை நேரு ஏற்றார். ஏற்றதற்கு அவர் பாராளுமன்றத்திற் கூறிய காரணம் கவனிக்கற்பாலது. விபத்துக்குச் சாஸ்திரி எவ்வகையிலும் காரணராகார் என்றும், ஆயினும் அரசியலமைப்பு முறைமையின்படி இதனை ஓர் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டுமென்றும், என்ன நேர்ந்தாலும் முன்போலவே நடந்துகொண்டு போகலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாதென்றும் அவர் விளக்கினார். டிசம்பரில் ஜகஜீவன் ராம் அந்தப் பொறுப்புக்கு வந்தார்.

இதில் ஒரு மேன்மை உண்டு. அதனை மறைக்க நாம் விரும்பவில்லை. கடைசிக் கண்ணியைப் பிடித்து ஆட்டும் வழக்கத்துக்கு மாறாக, சங்கிலியின் மேல்நுனியில் இருந்தவர் தாமே முன்வந்து நின்றார். ஆனால் அரியலூர் மக்கள் கேட்டது மந்திரியின் பதவியை மட்டுமன்று. ஒரே ஆண்டில் இரு பாலங்கள் எதனால் வீழ்ந்தன, பழைய பாலங்கள் எத்தனை உள, அவற்றை எப்பொழுது திருத்துவீர் என்ற கேள்விகள் மந்திரி போனபின்னும் அப்படியே நின்றன. பதவி துறப்பில் ஏற்பட்ட உணர்ச்சிப் பெருக்கில் அக்கேள்விகளின் கூர்மை மழுங்கியதென்றே கூறவேண்டும். விபத்துகளை முழுமையாக ஆராய ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையிற் குழு அமைந்தது 1962இலேயே. அதற்குள் ஆறு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. 

தமிழகத்திற் கேள்விகள் அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. புகையிரத உதவி மந்திரியாயிருந்த அழகேசன் தமிழர். 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் அவருடைய பெயரையும் அரியலூரையும் சேர்த்து, ஆண்டது, மாண்டது என்று எதுகை வைத்துத் திராவிட முன்னேற்றக் கழகத்தார் எழுப்பிய கோஷத்தைத் தமிழகத்து முதியோர் பின்னாளிலும் நினைவிற் கொண்டிருந்தனர். எதுகைக்கு அரசியலில் அத்துணை வலிமையுண்டு! அதன் நயம் ஒருபுறமிருக்க, அக்கோஷத்தை வலிமையுடையதாக்கியது வேறொன்று: அதனை எழுப்பியவர் கையில் வாக்கு இருந்தது. மாண்டவரின் உறவினரும் அயலவரும் வாக்குச் சாவடிக்குச் செல்லக்கூடியவர்கள். டில்லியில் மந்திரி கொடுத்த கடிதத்துக்குப் பின்னால் மனச்சாட்சி இருந்ததை நாம் மறுக்கவில்லை. மனச்சாட்சியோடு, சில மாதங்களில் வரவிருந்த பொதுத்தேர்தலும் இருந்தது.

சாஸ்திரியோ அத்தேர்தலில் அலகாபாத்திலிருந்து லோக் சபைக்குத் தெரிவாகி மந்திரிசபைக்குத் திரும்பினார். போக்குவரத்து, வர்த்தகம், 1961 முதல் உள்நாட்டு விவகாரம் என்று பொறுப்புகள் வளர்ந்தன. அவர் உள்நாட்டு மந்திரியாயிருந்த 1962இல், சீன எல்லை யுத்தத்தின்போது, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் நூற்றுக்கணக்கான கம்யூனிஸ்டுகள் காவலில் வைக்கப்பட்டனர். 1963இல் காமராஜர் திட்டத்தின்படி பதவி விலகி, 1964 ஜனவரியில் மீண்டார். நேரு மறைந்தபின், 1964 யூன் 9ஆந் திகதி பிரதம மந்திரியானார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தேயிலைத் தோட்டங்களிலும் இறப்பர்த் தோட்டங்களிலும் உழைத்த தமிழ் மக்கள் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தவர்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு அங்கத்தவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது; வேறு பல தொகுதிகளில் இடதுசாரி அபேட்சகரின் வெற்றிக்கும் தோட்டத்து வாக்குகள் துணைநின்றன. மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டது. ஏழு தலைமுறையாயினும் சரி, நேற்று வந்தவராயினும் சரி, மலைநாட்டுத் தொழிலாளருட் பெரும்பாலோர் ஒரு பேனாவின் அசைவில் நாடற்றவராயினர். இடதுசாரிக் கட்சிகள் அன்று அதனை எதிர்த்து வாக்களித்தன. அது அவர்களுக்குப் பெருமை.

விரும்பி விண்ணப்பிப்போரை மட்டுமே இந்தியப் பிரசைகளாக ஏற்போம், மற்றையோர் இலங்கையின் மக்களே என்பது நேருவின் நிலைப்பாடு. 1954இல் கொத்தலாவலையோடு செய்த ஒப்பந்தத்தின் பின்னும் அவர் அதனின்றும் வழுவவில்லை. நேரு மறைந்து ஐந்து மாதங்களில், 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி, டில்லியில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்தனர். நாடற்றவராய்க் கணிக்கப்பட்ட 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது. 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை அளிப்பது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. பதினைந்து ஆண்டுகளில் யாவையும் முடிப்பது. நடைமுறையில் ஏழு பேருக்கு நால்வர் என்ற விகிதம் வழங்கலாயிற்று. கொழுந்து நிறுப்பதற்குத் தராசுண்டு. மக்களை நிறுப்பதற்கும் ஒரு தராசு கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

சாஸ்திரி ஏன் உடன்பட்டார் என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. 1962இன் தோல்விக்குப் பின் இந்தியா அயல்நாடுகளின் நட்பை நாடி நின்றது. இலங்கையின் பிரதம மந்திரி சீன, இந்தியத் தகராறிற் சமரசத்துக்கு முயன்றவர். புதிதாய்ப் பதவியேற்ற ஒருவருக்கு, கால் நூற்றாண்டு இழுபட்ட பிணக்கொன்றைத் தீர்த்தோம் என்ற பெயரும் தேவைப்பட்டிருக்கலாம். சென்னை மாநிலத்துத் தலைவர் பலர் இதனைக் கண்டித்தனர். அண்ணாதுரையும் கம்யூனிஸ்டுத் தலைவர் ராமமூர்த்தியும் அவர்களுட் சேர்ந்தோர். ஆனால் 975,000 பேரில் எவரும் டில்லி லோக் சபைக்கு வாக்களித்தவரல்லர். கொழும்புப் பாராளுமன்றத்திலோ அவர்கள் சார்பில் தொண்டமான் இருந்தார். அவரும் தெரிவுசெய்யப்பட்டவரல்லர், நியமன அங்கத்தவர். இரு பாராளுமன்றங்கள், இரண்டிலும் அவர்கள் வாக்கு இல்லை. மந்திரி ஒருவரின் பதவியை அசைக்கும் கோஷத்தை அவர்கள் எங்கு நின்று எழுப்புவது?

இங்கே நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்காது விட இயலாது. 1964 யூன் முதல் லங்கா சமசமாஜக் கட்சி அந்த அரசாங்கத்திற் பங்காளியாயிருந்தது; கட்சியின் மூவர் மந்திரிகள். 1948இல் வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்துக் குரல்கொடுத்த அதே கட்சி, கொடுக்கல் வாங்கல் முடிந்தபோது மந்திரிசபையில் இருந்தது. டில்லியின் சாஸ்திரியைக் குறைகூறும் எவரும் இதனைக் கூறாமல் விட்டால் அது நேர்மையாகாது. தோட்டத்து வாக்குகள் இருந்தவரை தோட்டத் தொழிலாளி தோழர். வாக்குகள் போனபின் அவர் ஒரு பிரச்சினை. கசப்பாயினும், நம் மத்தியிற் பேசப்படவேண்டிய செய்தி இது.

உடன்படிக்கை கைச்சாத்தாகி இரு மாதங்கள் செல்லுமுன், டிசம்பர் 22ஆந் திகதி நள்ளிரவில், புயலெழுப்பிய கடல் தனுஷ்கோடியை மூடிற்று. பாம்பனிலிருந்து சென்ற பிரயாணிகள் புகையிரதம் ஊரை அண்மித்த நேரத்தில் அலையால் அடித்துச் செல்லப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் தப்பவில்லை. எச்சரிக்கை எங்கே தடைப்பட்டது, புயலிரவில் அந்த வண்டியைப் பாம்பனில் ஏன் நிறுத்திவைக்கவில்லை என்று கேட்க நியாயமிருந்தது. புகையிரத மந்திரி எஸ். கே. பாட்டீல் பதவியில் நீடித்தார். பிரதம மந்திரி வேறு யாருமல்லர், அரியலூருக்காகப் பதவி துறந்தவரே. முன்மாதிரி என்று நேரு கூறியது எட்டாண்டுகளுக்குள் ஒருவரின் தனிக்குணமாய்ச் சுருங்கிப் போயிற்று. 1999இல் கைசால் விபத்தின் பின் நிதீஷ் குமார் பதவி விலகியதுபோல் அரிதாகச் சிலர் அதனைப் பின்பற்றினர். 2023இல் பாலசோரில் 290க்கு மேற்பட்டோர் இறந்தபோது எவரும் விலகவில்லை. பொறுப்பு ஒருவருடைய நற்குணத்திற் தங்கியிருக்கும்வரை அது சட்டமாகாது. பாம்பன் பாலத்தை மட்டும் பொறியியலாளர் 46 நாட்களில் மீளக் கட்டிமுடித்தனர். தனுஷ்கோடிக்குப் போன பாதை மீண்டும் போடப்படவேயில்லை.

அதே டிசம்பர் இறுதியில் இந்திய மார்க்சிஸ்டுக் கட்சியின் தலைவர்கள் நாடெங்கும் கைதாயினர். பாதுகாப்பு என்பதே அதற்கும் சொல்லப்பட்ட காரணம். 1965 மார்ச்சில் கேரளத் தேர்தலில், சிறையிலிருந்தவாறே அவர்களிற் பலர் வென்றனர்.

மூன்றாவது நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாக நின்றதை எதிர்த்துத் தமிழகம் கொதித்தெழுந்தது. சிலர் தீக்குளித்தனர், பொலிசாரின் துப்பாக்கிப் பிரயோகத்திற் பலர் மாண்டனர். பெப்ரவரி 11ஆந் திகதி மத்திய மந்திரிகளான சி. சுப்பிரமணியமும், முன்னர் அரியலூர்க் கோஷத்துக்கு ஆளான அதே அழகேசனும் இராஜினாமாக் கொடுத்தனர். அன்றிரவே சாஸ்திரி வானொலியிற் பேசினார்; ஆங்கிலம் நீடிப்பது பற்றி நேரு அளித்த வாக்குறுதிகள் காக்கப்படும் என்றார். இராஜினாமாக்கள் பின்னர் மீளப்பெறப்பட்டன. நான்கு மாத இடைவெளியில் தமிழ் மக்களின் இரு பகுதியினர் தொடர்பாக ஒரே பிரதம மந்திரி எடுத்த முடிவுகள் இவை. வீதியில் இறங்கக்கூடிய, வாக்களிக்கக்கூடிய தமிழருக்கு ஒரே இரவில் மறுமொழி கிடைத்தது. லயத்துக் காம்பராவில் இருந்த தமிழருக்குக் கிடைத்தது ஓர் எண்.

சாஸ்திரி கொடியவரென்று நாம் இங்கு நிறுவ முற்படவில்லை. 1966 ஜனவரி 11ஆந் திகதி தாஷ்கண்டில் இறந்தபோது சொத்தென்று சொல்லத்தக்க எதனையும் அவர் விட்டுச்செல்லவில்லை. ஏழையாய்ப் பிறந்து ஏழையாய் மடிந்த அத்தகைய மனிதரே, கேள்வி கேட்க வழியற்ற மக்களை அவர்களிடம் ஒரு வார்த்தை கேளாமலே பங்கிட உடன்பட்டார். ஆதலாற்றான் இக்கதை மந்திரிகளின் குணநலன்களைப் பற்றியதன்று என்று கருதுகிறோம்.

உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967இல் இலங்கையில் நிறைவேறிற்று. விண்ணப்பங்கள் கோரப்பட்டன. முதன்முறையாக மக்கள் தம் கையால் எழுதிய மறுமொழி அதுவே எனலாம். இந்தியப் பிரசாவுரிமை கேட்டோரின் தொகை, தலைவர்கள் ஒதுக்கிய 525,000ஐ எட்டவில்லை. எஞ்சிய 150,000 பேரையும் 1974இல் ஸ்ரீமாவோவும் இந்திரா காந்தியும் சரிபாதியாய்ப் பிரித்துக்கொண்டனர். நாட்டில் தங்கிய கடைசி நாடற்றவருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்தபோது ஆண்டு 2003.

போனவர்கள் அட்டனிலும் நானுஓயாவிலும் கோச்சி ஏறினார்கள். தகரப்பெட்டி, பாய், பித்தளைக் குடம், இந்தியக் கடவுச்சீட்டு. மேடையில் நின்றவர்களின் ஒப்பாரி வண்டி வளைவு திரும்பும்வரை கேட்டதென்று அக்காட்சியைக் கண்டோர் சொல்வர். தலைமன்னார் இறங்குதுறையில் ‘இராமானுஜம்’ கப்பல் காத்திருக்கும். தனுஷ்கோடி அழிந்துவிட்டபடியால் கப்பல் இராமேஸ்வரத்தை அடையும். அங்கிருந்து மண்டபம் முகாம். சிலர் நீலகிரித் தேயிலைக்கும், சிலர் நூலாலைகளுக்கும், சிலர் பெயர்கூடக் கேட்டறியாத ஊர்களுக்கும் அனுப்பப்பட்டனர். மண்டபத்திலிருந்து உள்நாட்டுக்குப் போனோரை ஏற்றிச்சென்றது, அரியலூரிலும் தனுஷ்கோடியிலும் உயிர்களைப் பலிகொடுத்த அதே தென்பகுதிப் புகையிரதம். கப்பல் 1984வரை ஓடிற்று. யுத்தம் வந்து அது நின்றபோது, கடவுச்சீட்டுப் பெற்றும் புறப்படாதவர்கள் தோட்டங்களில் இன்னும் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.